பதினெட்டரைப் பேர்

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சம்பளத் துண்டை வாசிப்பார். அதில் இருந்தது முழுக்க ஆங்கிலம்தான்.

சின்ன வயதில் எனக்கு இது பெரிய வித்தையாகத் தெரிந்தது. சம்பள நாள் சாயந்தரம் மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை இஸ்தோப்பில் வைத்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் துண்டை விரிப்பார். விரல் நேராக இரண்டாவது வரியின் வலது ஓரத்துக்குப் போகும். அங்கே இருப்பது பேர். அப்புறம் விரல் ஒரே தாவாகக் கீழே இறங்கி, கோட்டுக்கு அடியில் போய் நிற்கும். அது கையில் வரும் காசு. கடைசியாகக் கோட்டுக்கு மேலே இரண்டு வரி ஏறும். பிடித்த காசு அது. புள்ளிக்கு இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் சதம் என்பது அவருக்குத் தெரியும். மற்றபடி எழுத்து ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எந்த எண் எந்த இடத்தில் இருக்கும் என்பதுதான் அவருடைய அரிச்சுவடி.

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு 'பேர்' என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், விழும் பதிவுக்குப் பெயர் பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். "இந்த மாசம் எத்தினி பேரு?" என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால், அது ஆட்களைப் பற்றிய பேச்சு அல்ல.

நான் உயர்தரம் படிக்கும்போது ஒரு மாதம் அந்தத் துண்டு மாறிவிட்டது. தோட்ட ஆபீஸில் புது புரோகிராம் போட்டிருந்தார்கள். எண்கள் எல்லாம் இடது பக்கமாக ஒட்டி, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, மழையில் சரிந்த மண் மாதிரி கிடந்தன. புதிதாக இரண்டு வரிகள் நடுவில் நுழைந்திருந்தன. அன்று இரவு எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளின் எட்டுக் காம்பிராவிலிருந்தும் ஆள் வந்தது. "பாப்பா, இதுல கைக்கு வர்றது எது?" என்று பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முப்பது வருடமாகத் துண்டு வாசித்த மனுஷி. எண்கள் சரியாகத்தான் இருந்தன, நானே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

சில வருடம் கழித்து ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் ஜாவா என்ற புரோகிராம் மொழி படிக்கப் போனேன். தலவாக்கலையில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் சென்கிளேயர் அருவி வரும், டெவோன் வரும், அப்புறம் தூக்கம் வரும். வடிவமைத்து அச்சிடுவது பற்றிய பாடத்தை எங்கள் சேர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். "இதெல்லாம் மேக்கப் மாதிரி. முக்கியமான விஷயம் இன்ஹெரிட்டன்ஸ்தான்" என்றார், ஏற்கெனவே எழுதியதிலிருந்து புதியதைப் பிரித்தெடுக்கும் வித்தையை. எனக்குப் பெரியம்மாவின் துண்டு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். குறிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன், விசைப்பலகையில் எந்தப் பொத்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். காலையில் நிறுத்த கொழுந்து 18 கிலோ, பகலில் 12. இரண்டையும் மாறிகளில் போட்டு, 'மொத்தம்: ' என்ற சொல்லோடு கூட்டல் குறியால் ஒட்டி, திரையில் ஒரு வரி அடிக்கும் பிரின்ட்எல்என்-க்குக் கொடுத்தேன். திரையில் விழுந்தது 'மொத்தம்: 1812'. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோ எடுத்தால் அம்மா ஒரு லொறிதான். ஜாவா இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் சொல்லும் எண்ணும் சேர்ந்து சொல்லாகிவிடும். அந்தச் சொல்லோடு அடுத்த எண்ணும் எழுத்தாகவே போய் ஒட்டிக்கொள்ளும். எண்கள் இரண்டையும் அடைப்புக்குள் போட்டால் 30 வரும். கூட்டல் குறி ஓர் இடத்தில் கணக்குப் பார்க்கிறது, இன்னோர் இடத்தில் பசை தடவுகிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்த மொழி மேலேயே சந்தேகம் வந்தது.

பிரின்ட்எஃப் என்ற இன்னோர் அச்சிடும் கட்டளை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது, கடைசி 'எஃப்' ஃபார்மட், அதாவது வடிவம் என்பதற்கு. 1957இல் வந்த ஃபோர்ட்ரானிலேயே வடிவத்தைத் தனி வரியில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. பிரின்ட்எஃப் என்ற பெயரை ஊரெல்லாம் பரப்பியது சி மொழி. ஜாவா 1995இல் வந்தாலும் இதைச் சேர்த்துக்கொண்டது 2004இல், ஜாவா 5-இல்தான். அதுவரை ஆட்கள் எண்ணை அழகாகக் காட்ட ஜாவாவின் வேறு கருவிகளோடு மல்லுக்கட்டினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஆபீஸில் கொடுக்கும் படிவத்தை நினைத்தால் போதும். வாசகம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும், நடுநடுவே வெற்றுக் கட்டங்கள். பிரின்ட்எஃப்-இல் முதலில் கொடுப்பது அந்தப் படிவம், பின்னால் வரிசையாகக் கொடுப்பவை கட்டங்களை நிரப்பும் மதிப்புகள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதவீதக் குறியில் தொடங்குகிறது. %டி முழு எண்ணுக்கு, %எஃப் புள்ளி வைத்த எண்ணுக்கு, %எஸ் சொல்லுக்கு. சும்மா %எஃப் என்று விட்டால் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் அடிக்கும். சம்பளத்தில் ஆறு இலக்கம் யாருக்கு வேண்டும்? %.2எஃப் என்றால் சதத்தோடு நிற்கும். நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு %,.2எஃப் என்றால் 18500 என்பது 18,500.00 ஆகும். %04டி என்றால் 147ஆம் நம்பர் ஆள் 0147 ஆவார்.

என் கண்ணைத் திறந்தது அகலம். %10.2எஃப் என்றால் எண் பெரியதோ சிறியதோ, பத்து எழுத்து இடம் பிடித்து வலது ஓரத்தில் ஒட்டி நில் என்று பொருள். 17020.00 ஆனாலும் 500.00 ஆனாலும் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. அம்மாவின் விரல் தேடிப் போன வலது ஓரம் இந்தப் பத்துதான். தோட்ட ஆபீஸுக்குப் புது புரோகிராம் எழுதிய ஆள் ஒவ்வொரு சதவீதக் குறிக்குப் பின்னாலும் இரண்டு இலக்கம் தட்டியிருந்தால், அன்று இரவு எட்டுக் காம்பிராவும் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

கட்டத்துக்கும் மதிப்புக்கும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? %டி கட்டத்தில் 18.5 போட்டால் ஜாவா உடனே பிழை சொல்லி நின்றுவிடும். இது நல்லது. சி மொழி அப்படி நிற்காது, வாய்க்கு வந்ததை அடித்துவிட்டுப் போகும். கட்டம் மூன்று, மதிப்பு இரண்டு என்றாலும் ஜாவா நின்றுவிடும். ஆனால் கட்டம் இரண்டு, மதிப்பு மூன்று என்றால் மூச்சு விடாது, கடைசி மதிப்பை அப்படியே விட்டுவிடும். நான் ஒருமுறை அட்வான்ஸ் பிடித்த காசை மதிப்புகளின் கடைசியில் சேர்த்துவிட்டு, படிவத்தில் கட்டம் போட மறந்தேன். கணக்கில் அட்வான்ஸ் கழிந்திருந்தது, தாளில் அது இல்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தோட்டத்தில் இது நடந்திருந்தால் ஆபீஸ் வாசலில் ஒரு பெரட்டே கூடியிருக்கும்.

சரி, ஆப்ஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸ் என்பது அச்சு மாதிரி, ஆப்ஜெக்ட் அதில் வார்த்தெடுத்த ஓர் ஆள்.

ஜாவாவில் கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் யுனிகோட் எழுத்துகளை அது ஏற்றுக்கொள்ளும். நான் 'தொழிலாளி' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். உள்ளே நம்பர், பெயர், பேர், கிலோ. வெளியிலிருந்து யாரும் கை வைக்காதபடி எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கினேன். அம்மாவை ஓர் ஆப்ஜெக்டாக உருவாக்கி அப்படியே அச்சிடச் சொன்னேன். திரையில் வந்தது 'தொழிலாளி', அதை ஒட்டி @ குறி, அதன் பின்னால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த ஒரு வால்.

தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று கிளாஸுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், ஜாவா கிளாஸின் பெயரையும், ஹாஷ் கோடு எனும் ஓர் எண்ணையும் அடித்துவிடும், அந்த எண்ணை மட்டும் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில். அம்மாவைப் பற்றி அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்: தொழிலாளி, நம்பர் இன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. செக்ரோலிலும் அம்மா அப்படித்தானே இருந்தார்?

அதை மாற்றும் வழி டூஸ்ட்ரிங் என்ற மெதட், அதாவது ஆப்ஜெக்ட் செய்யத் தெரிந்த ஒரு வேலை. எல்லா ஆப்ஜெக்டுக்கும் அது பிறவியிலேயே உண்டு. நம் கிளாஸில் அதைப் புதிதாக எழுதினால் பழையது ஒதுங்கிவிடும். அதற்குள்ளே நான் பிரின்ட்எஃப் போடவில்லை, ஸ்ட்ரிங்.ஃபார்மட் போட்டேன். இரண்டுக்கும் படிவம் ஒன்றே. பிரின்ட்எஃப் நேரே திரையில் அடித்துவிடும், ஸ்ட்ரிங்.ஃபார்மட் வரியைத் தயார் செய்து கையில் கொடுக்கும். கையில் வந்ததைத் திரைக்கும் அனுப்பலாம், கோப்புக்கும் அனுப்பலாம், பிரிண்டருக்கும் அனுப்பலாம். ஆப்ஜெக்ட் தன்னைப் பற்றிச் சொல்லட்டும், அதை எங்கே சொல்வது என்பதை வேறு ஆள் முடிவு செய்யட்டும் என்பது என் கட்சி. கிளாஸுக்குள்ளேயே அச்சிடும் வேலையைத் திணித்தவர்கள் பிறகு கோப்பில் எழுதச் சொல்லும்போது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

சேர் முக்கியம் என்று சொன்ன இன்ஹெரிட்டன்ஸுக்கும் இங்கே வேலை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்களுக்குப் பேர் கணக்கு கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. அவர்களுக்கு 'தொழிலாளி'யிலிருந்து பிரிந்த ஒரு கிளாஸ், அதற்குத் தனி டூஸ்ட்ரிங். எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒவ்வொருவரையும் %எஸ் கட்டத்தில் வைத்தால் அவரவர் கணக்கை அவரவர் முறையில் சொல்வார்கள். பட்டியலில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் 'நல்' என்று அடிக்கும். தமிழில் அதற்கு நல்ல அர்த்தம் வருவது தற்செயல்.

புள்ளி வைத்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் காசு போகிறது. கிலோ 100 ரூபாய் வீதம் 4.35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 435 ரூபாய் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். புள்ளி வைத்த எண்ணுக்கு ஜாவா வைத்திருக்கும் டபிள் வகையில் பெருக்கினால் வருவது 434.99999999999994. கம்ப்யூட்டர் எண்களை 0, 1 மட்டும் உள்ள இரும முறையில் வைத்துக்கொள்கிறது. அதில் 4.35-ஐ அச்சொட்டாக எழுத முடியாது, மிக அருகில் உள்ள ஒன்றைத்தான் எழுதும். இந்த மதிப்பை %.2எஃப் கட்டத்தில் வைத்தால் 435.00 என்று அழகாக வரும். எல்லாம் சரி என்று நினைத்து அதே மதிப்பை முழு எண்ணாக மாற்றி இன்னொரு மாறியில் போட்டால், தசமம் முழுவதும் வெட்டுப்பட்டு 434 வரும். தாளில் 435, கணக்கில் 434. வடிவம் காட்டுவது தோற்றத்தைத்தான், மாறிக்குள் இருப்பதை அது தொடுவதில்லை. அதனால் காசுக் கணக்கைச் சதத்தில் முழு எண்ணாக வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் தசமத்தை அச்சொட்டாக வைத்துக்கொள்ளும் பிக்டெசிமல். ஒரு ரூபாய்தானே என்று கேட்பவர்களுக்கு, தராசடியில் தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பதைப் பார்த்து நின்ற அனுபவம் இருக்காது.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடிப்படைச் சம்பளம் 900, அதன் மேல் கொடுப்பனவு 100. வருடக்கணக்காகக் கேட்டுப் போராடி வாங்கிய ஆயிரம். சந்தோஷம் ஆறுவதற்குள் எங்கள் தோட்டத்தில் கிலோ அளவை ஏற்றினார்கள், அரைப்பேர் விழுவது கூடியது. அப்போதுதான் வீட்டிலேயே ஒரு புரோகிராம் எழுதி, துண்டை நாமே சரிபார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நான்கு ஆப்ஜெக்ட்: அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிய வேண்டும். கம்பனி போடும் 12 வேறு கணக்கு.

முதல் ஓட்டத்தில் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. விண்டோஸின் கறுப்புத் திரைக்குத் தமிழ் பிடிபடவில்லை. 2022இல் வந்த ஜாவா 18 முதல், கோப்பை வாசிக்கவும் எழுதவும், யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையே இயல்பாகிவிட்டது. அந்தக் கறுப்புத் திரை மட்டும் இன்னும் விண்டோஸ் சொல்வதைத்தான் கேட்கும். நான் திரையை விட்டுவிட்டு, யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுக் கோப்பில் எழுதினேன். தமிழ் வந்தது, நெடுவரிசை போனது.

பெயருக்கு %-12எஸ் போட்டிருந்தேன். கழித்தல் குறி இடது பக்கம் ஒட்டச் சொல்கிறது, பன்னிரண்டு இடம். ஆங்கிலப் பெயர்களுக்கு நூல் பிடித்த மாதிரி நின்ற நெடுவரிசை, தமிழில் குடித்தவன் நடை நடந்தது. ஏன் என்று பார்க்க அரை நாள் ஆனது. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடுக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். 'பெரியம்மா' நமக்கு ஐந்து, அதற்கு ஒன்பது. ஒற்றைக் கொம்பு, மேல் விலங்கு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது. ஆகவே அம்மாவுக்கு ஏழு வெற்றிடமும் பெரியம்மாவுக்கு மூன்று வெற்றிடமும் போட்டுவிட்டு, கணக்கு சரி என்று நிற்கிறது. கண்ணுக்கு ஒன்று பத்து, மற்றது எட்டு.

பார்க்கிற எழுத்தாக எண்ணச் சொல்லும் வழி ஜாவாவில் உண்டு, பிரேக்இட்டரேட்டர் என்று பெயர். அதை வைத்து வெற்றிடத்தை நானே போட்டுப் பார்த்தேன். முன்னைவிட நன்றாக வந்தது, நேராக வரவில்லை. தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒன்றுபோல் இல்லை. 'ர' ஒல்லி, 'ணை' குண்டு, 'மௌ' தனியாக ஒரு காம்பிரா கேட்கும்.

கடைசியில் தீர்வு புரோகிராமில் கிடைக்கவில்லை, தாளில் கிடைத்தது. எண்களை முன்னால் கொண்டுவந்தேன், பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளினேன். எண்கள் அகலம் மாறாதவை, அவை நேராக நிற்கும். பெயருக்குப் பின்னால் யாரும் இல்லாததால் அது எவ்வளவு நீண்டாலும் யாரையும் இடிக்காது. நம்பர், பேர், மொத்தம், பிடித்தது, கைக்கு, பெயர். புத்தகங்களில் இந்த யோசனையை நான் கண்டதில்லை. புத்தகம் எழுதியவர்களின் பெயர்கள் புள்ளி இல்லாத மொழியில் இருந்திருக்கும்.

ஹட்டனில் ஒரு கடையில் அச்செடுத்து, மழையில் நனையாமல் கொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எது எங்கே என்று ஒருமுறைதான் சொன்னேன். விரல் வரியில் ஓடியது. 19. 18,500.00. 1,480.00. 17,020.00. திரும்பவும் முதல் எண்ணுக்கு வந்து நின்றது.

"பத்தொம்போது பேரா?"

"ஆமாம்மா."

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். முழுப்பேருக்கு வட்டம், அரைப்பேருக்குக் குறுக்குக்கோடு. பதினெட்டு வட்டம், ஒரு கோடு. "பத்தொம்போது பேருன்னா பத்தொம்போதாயிரம் வரணும். நீ பதினெட்டாயிரத்து ஐநூறு போட்டுருக்க. இதுல எது பொய்யி?"

பேர் கட்டத்தில் %.0எஃப் என்று தட்டியிருந்தேன். பேரில் என்ன தசமம் என்ற அலட்சியம்தான். உள்ளே 18.5 பத்திரமாக இருந்தது, பெருக்கலும் சரி. சரிபாதியில் நிற்கும் எண்ணை ஜாவா அச்சிடும்போது மேலே ஏற்றிவிடும், அதனால் 19. இதே வரியைச் சி மொழியில் எழுதியிருந்தால் 18 வந்திருக்கும். அது பெரும்பாலும் பாதியை அருகில் உள்ள இரட்டை எண் பக்கம் தள்ளும். அம்மாவின் ஓர் அரைப்பேர் இருக்குமா போகுமா என்பது நான் எந்த மொழியில் எழுதுகிறேன் என்பதைப் பொறுத்திருந்தது.

இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. %.1எஃப் என்று மாற்றி மறுநாள் வேறு தாள் கொண்டுவந்தேன். 18.5 வந்திருந்தது. பார்த்துவிட்டு மடித்துக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார்.

"அந்தப் பழைய தாளைக் கிழிச்சிப் போட்டியா?" என்றார். "யார் கையிலயாவது கெடச்சி, கூடப் போட்டிருக்கேன்னு அடுத்த மாசம் பிடிச்சிறப் போறாங்க."